அந்தப் பாட்டிலில் இருந்தது சிப்பித்தூள்

போன மாதம் ஜெனிபர் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அங்கே இயற்பியல் படிக்கச் சேர்ந்தவள். இப்போது அதே துறையில் ஆசிரியை. புதிதாக ஒரு மின் உலை வாங்கியிருக்கிறார்களாம். எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று பொத்தானை அழுத்திச் சொல்லிவிட்டால் தானே ஏறித் தானே இறங்குமாம். அதில் என்ன சுடுகிறீர்கள் என்று கேட்டேன். அகச்சிவப்பு ஒளி தரும் பாஸ்பர் தூள் என்றாள். கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அடுத்தாற்போல இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஒரு உலோகத்தை மட்டும் கலந்தால் அது மங்கலாக வருகிறது, கூடவே இன்னொன்றையும் கலந்தால் பலமாக வருகிறது, அந்த இரண்டாவது கலப்பைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாள். எனக்கு விளங்க வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"சோடியம் சேத்துப் பாத்தியளா?" என்று கேட்டேன்.

அவள் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. இதை அப்படியே எழுதித் தாங்கம்மா என்றாள். எழுதுகிறேன். இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை, என் தப்பு ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதினால்தான் மற்றது விளங்கும்.

நான் தூத்துக்குடியில் திரேஸ்புரத்துக்காரி. அப்பா சங்கு குளித்தவர். கடைசியாக நடந்த முத்துக்குளிப்பிலும் கடலில் இறங்கியவர். வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்கும் மங்களூருக்கும் போய்வந்துகொண்டிருந்தார். நான் பி.யூ.சி. வரை படித்திருந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். முதல் இரண்டு வருஷம் கண்ணாடிச் சாமான் கழுவினேன், லென்ஸ் துடைத்தேன், மாணவர்கள் எரித்துவிட்ட கம்பிச்சுருளை மாற்றிச் சுற்றினேன். ரசாயனத் தராசில் மூச்சு படாமல் நிறுக்கப் பழகினேன். அதற்குப் பிறகு துறைப் பேராசிரியை கிரேஸ் மேடம் என்னை உலை அறைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கிரேஸ் மேடம் நாசரேத்துக்காரர். அப்போது அவர்களுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. வடக்கே போய் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவர். அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பெண் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது. யாரையும் சத்தம் போட மாட்டார்கள். கூட்டுகிற அம்மாவைக்கூட நீங்க வாங்க என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் கோபப்பட்டால் குரல் இன்னும் தணிந்துவிடும், கிட்டப் போய்த்தான் கேட்க வேண்டும். உலை அறையில் நீளமான ஒரு நோட்டு இருந்தது. நடந்தது எதுவானாலும் அதில் ஏற வேண்டும். "சரியா வந்ததை மட்டும் எழுதினா அது நோட்டு இல்ல, வாழ்த்து மடல்" என்று ஒருமுறை சொன்னார்கள். அவர்கள் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

மேடத்தின் கீழ் செய்யது சார் ஆராய்ச்சி செய்தார். காயல்பட்டினத்துக்காரர். எங்கள் கல்லூரியிலேயே விரிவுரையாளர். வகுப்பு முடிந்த நேரத்திலெல்லாம் உலை அறைதான். அவருடைய அண்ணன்மார் இரண்டு பேர் துபாயில் இருந்தார்கள். வா வா என்று கடிதம் வந்துகொண்டே இருக்கும்.

வேலை இதுதான். நம் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கிற அருமண் உலோகங்களில் நியோடிமியம் ஒன்று. அதன் ஆக்சைடு ஊதா கலந்த நீலத் தூளாகச் சின்னச் சீசாவில் வரும். லேசர் என்று எல்லோரும் பேசத் தொடங்கியிருந்த சமயம். நியோடிமியம் தருகிற அகச்சிவப்பு ஒளிக்கு மதிப்பு அதிகம். விலை கூடிய படிகங்களில் அல்லாமல், மலிவான கால்சியம் சல்பைடு தூளில் அந்த உலோகத்தைக் கலந்து அதே ஒளியை வரவைக்க முடியுமா என்று மேடம் பார்த்தார்கள்.

கால்சியம் கார்பனேட்டை நிறுத்து எடுப்பேன். நியோடிமியம் ஆக்சைடை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ஆயிரம் கால்சியத்துக்கு ஒரு நியோடிமியம் என்ற கணக்கில் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைப்பேன். காயவைத்து, கந்தகம் சேர்த்து, அகேட் என்கிற தேயாத கல்லில் செய்த கல்வத்தில் ஒரு மணி நேரம் அரைப்பேன். கை ஒரே சீராகப் போக வேண்டும். பிறகு அலுமினாக் கிண்ணத்தில் போட்டு மூடி, அதைக் கரித்தூள் நிரப்பிய பெரிய கிண்ணத்துக்குள் புதைத்து உலைக்குள் வைப்பேன். ஆயிரம் டிகிரிக்குச் சற்றுக் கீழே. அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வீட்டுக்குப் போனால் சேலையைக் கொல்லையில்தான் அவிழ்த்துப் போட வேண்டும். எடுத்த தூளைக் கடல்காற்று படாமல் உடனே ஈரம் உறிஞ்சும் கண்ணாடிச் சாடிக்குள் வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டு நாளில் கெட்டுப்போகும்.

ஒரு விஷயத்தில் மேடம் கண்டிப்பாக இருந்தார்கள். மற்றவர்கள் சீக்கிரம் வேகட்டும் என்று சோடா, உப்பு எதையாவது சேர்த்துச் சுடுவார்கள். இங்கே எதுவும் கூடாது. நியோடிமியம் தனியாக என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும், அதனால் கார்பனேட் சுத்தமானதாக இருக்க வேண்டும். அது சீமையிலிருந்து வந்த பாட்டில். எழுதிப் போட்டு, அனுமதி வாங்கி, வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அரைக் கிலோ.

வருகிற ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதனால் இருட்டறையில் அளப்போம். விளக்கு வெளிச்சத்தை மயில்துத்தக் கரைசல் நிரம்பிய கண்ணாடித் தொட்டி வழியாக விட்டால், விளக்கிலேயே இருக்கிற அகச்சிவப்பை அது தடுத்துவிடும். மிச்ச வெளிச்சம் தூளின்மேல் விழும். தூளிலிருந்து கிளம்புவது ஒரு கறுப்புக் கண்ணாடியைத் தாண்டி ஒளிக்குழாய்க்குப் போகும். அந்தக் கண்ணாடி அகச்சிவப்பை மட்டும்தான் விடும். குழாயில் உண்டாகிற மின்சாரம் கால்வனோமீட்டரைத் திருப்பும். சுவரில் உள்ள அளவுகோலில் ஒரு வெளிச்சப்பொட்டு நகரும். எங்கள் பாடு எல்லாம் அந்தப் பொட்டு எத்தனை கோடு நகர்கிறது என்பதில்தான். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு லாரிகள் ரோட்டில் போய்க்கொண்டே இருக்கும். லாரி போனால் பொட்டு நடுங்கும். இரண்டு லாரிக்கு நடுவில் கிடைக்கிற அமைதியில்தான் அளவெடுப்போம்.

முதல் வருஷம் பொட்டு ஐந்து, ஆறு கோட்டுக்குமேல் போகவில்லை.

அடுத்த ஜூன் மாதம், மேடம் தேர்வுத்தாள் வேலையாக மதுரைக்குப் போயிருந்தபோது, நான் அலமாரியைத் துடைத்தேன். கை ஈரம். கார்பனேட் பாட்டில் வழுக்கிக் கல்தரையில் விழுந்து உடைந்தது. முக்கால் பாட்டில் தூள், தரைத் தண்ணீரிலும் கண்ணாடிச் சில்லிலும் கலந்துபோயிற்று. அறையில் வேறு யாரும் இல்லை.

என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு அந்த மாதம்தான் கையெழுத்தாக வேண்டியிருந்தது. அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். மேடம் என் முகத்தைப் பார்த்து, தணிந்த குரலில், சரி, இன்னும் ஒரு வருஷம் காத்திருப்போம் என்று சொல்வார்களே, அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

தூளைக் கூட்டி அள்ளிவிட்டேன். உடைந்த துண்டில் இருந்த லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்து, அதே மாதிரி காலிப் பாட்டில் ஒன்றில் ஒட்டினேன். சாயங்காலம் அப்பா வீட்டுக்குப் போனேன். கொல்லையில் முத்துச்சிப்பி ஒரு குவியல் கிடந்தது. சிப்பி என்றால் கால்சியம் கார்பனேட் என்று எனக்குத் தெரியும். பாடத்தில் படித்திருக்கிறேன், சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதைக் கண்ணாலும் பார்த்திருக்கிறேன்.

"எதுக்குளா இம்புட்டுச் சிப்பி?" என்று அப்பா கேட்டார். காலேஜுக்கு என்றேன். அப்பாவிடம் சொன்னதில் பொய் இல்லை.

என் வேலையில் நான் குறை வைக்கவில்லை, இதையும் சொல்ல வேண்டும். வெளித்தோலைச் சுரண்டி, நீர்த்த அமிலத்தில் முக்கி எடுத்து, வடிநீரில் மூன்று தடவை கொதிக்கவைத்தேன். கழுவிய நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்த்தேன். உப்பு இருந்தால் பால் மாதிரி வெளுக்கும், வெளுக்கவில்லை. லேசான சூட்டில் சுட்டு, இடித்து, அரைத்து, சலித்தேன். மேடம் திரும்பி வருவதற்குள் பாட்டில் நிறைந்திருந்தது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நோட்டில் எதுவும் எழுதவில்லை.

அடுத்த வாரம் செய்யது சார் ஒரு மாற்றம் செய்தார். சுட்ட தூளை உடனே வெளியே எடுக்காமல், உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிடலாம் என்றார். அப்படியே செய்தோம். இருட்டறையில் வைத்தபோது பொட்டு இருபது கோட்டைத் தாண்டிவிட்டது. லாரி ஏதும் போகிறதா என்று அவர் காது கொடுத்துக் கேட்டார். லாரி இல்லை. மறுபடி வைத்தார், மறுபடியும் அதே. மேடத்தைக் கூப்பிட்டார். மேடம் மூன்று தடவை அளந்துவிட்டு, "நல்லா ஆறவிட்டிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார்கள். அன்று மத்தியானம் எங்கள் எல்லோருக்கும் வடையும் காப்பியும் வாங்கி வரச் சொன்னார்கள்.

எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் மெல்ல ஆறவிட்டதுதான் காரணம் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். சிப்பித்தூள் சீமைச் சரக்கைவிட நன்றாக வேலை செய்யும் என்று யார் நினைப்பார்கள்? என்னை நிரந்தரமாக்கும் உத்தரவும் வந்தது.

ஆறு மாதத்தில் செய்யது சார் எழுதவேண்டியதை எழுதிவிட்டார். மெல்ல ஆறவிட்டால் நியோடிமியத்தின் அகச்சிவப்பு ஒளி மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதுதான் அவருடைய ஆய்வேட்டின் நடுநாயகம். ஒரு சிறு கட்டுரை பத்திரிகைக்கும் போயிற்று. அதே சமயம் துபாயிலிருந்து அவருக்கு விசா வந்தது. பட்டம் கைக்கு வரப்போகிற நேரத்தில் எதற்கு என்று அதை அவர் விட்டுவிட்டார். வீட்டில் பெரிய சண்டை என்று பிற்பாடு தெரிந்தது.

பிறகு பம்பாயிலுள்ள பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. கட்டுரையில் உள்ளபடி செய்தோம், மெல்லத்தான் ஆறவிட்டோம், ஒளி கூடவில்லை, உங்கள் தூளில் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அனுப்பினோம். அடுத்த கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. உங்கள் தூள் நீங்கள் சொன்னபடியே ஒளிர்கிறது, உங்கள் முறைப்படி நாங்கள் செய்த தூள் ஒளிரவில்லை, ஏதேனும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கவும். கூடவே அவர்களுடைய கார்பனேட்டில் ஒரு சிறு பாட்டில் அனுப்பியிருந்தார்கள்.

மேடம் தன் கையாலேயே இரண்டையும் செய்தார்கள். எங்கள் பாட்டில் தூள் ஒளிர்ந்தது. பம்பாய்த் தூள் ஆறு கோட்டோடு நின்றது. அப்போது நான் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். மேடம் செய்யது சாரிடம் சொன்னதெல்லாம் என் காதில் விழுந்தது. அவர்கள் கார்பனேட்டில் ஒளியைக் கொல்லுகிற அழுக்கு ஏதோ இருக்கிறது, நம்முடையது சுத்தம், அதுதான் வித்தியாசம், அப்படியே பதில் எழுதுங்கள் என்றார்கள். சனிக்கிழமை கடிதம் தட்டச்சாகி, கையெழுத்தாகி, தபால் தட்டில் இருந்தது. திங்கட்கிழமை போகும்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மறைத்ததைச் சொன்னேன். சுவாமியார் விளங்காமல் இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "ஆண்டவர்கிட்ட சொல்லிட்ட, சரி. அந்தக் கடுதாசி போகுத இடத்துல இருக்கவங்களுக்கு யாரு சொல்லுவா?" என்றார்.

திங்கட்கிழமை மேடம் வருவதற்கு முன்பே போய் உலை அறை வாசலில் நின்றேன். பையைக்கூட அவர்கள் கீழே வைக்கவில்லை.

"மேடம், அந்த லெட்டரை அனுப்பாதிய."

"ஏன்?"

"நம்ம பாட்டில்ல இருக்கது சீமைச் சரக்கு இல்ல மேடம். முத்துச்சிப்பியை இடிச்ச தூள். நாந்தான் நிரப்பி வச்சேன்."

மேடம் உட்கார்ந்தார்கள். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். சொன்னேன். அவர்கள் கண் நோட்டுப் பக்கம் போயிற்று. எந்தத் தேதியிலிருந்து பொட்டு எகிறியது என்று அவர்களுக்குத் தெரியும். வெளியே கல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"நான் அவங்க சரக்கு அழுக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன், ஸ்டெல்லா" என்றார்கள். குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

தபால் தட்டிலிருந்து உறையை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தார்கள். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார்கள். நடந்ததை நடந்த மாதிரியே என் கையால் எழுதச் சொன்னார்கள். எனக்கு இங்கிலீஷில் அவ்வளவு எழுத வராது என்றேன். தமிழில் எழுதுங்க என்றார்கள். அந்த இங்கிலீஷ் நோட்டில் இரண்டு பக்கம் மட்டும் தமிழாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

செய்யது சார் பத்து மணிக்கு வந்தார். மேடமே அவரிடம் சொன்னார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. வாசலில் நின்றுகொண்டிருந்த என்னைக் கடந்து போகும்போது நின்று, "நான் விசாவை விட்டேன், தெரியும்லா?" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குமேல் என்னிடம் பேசவில்லை.

கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். வேலையை விட்டு நிறுத்தலாம் என்ற பேச்சு வந்தது. மேடம் என் பக்கத்தில் நின்றிருந்தார்கள். "தப்பு பண்ணினது அவங்க. லேபிளைப் பாத்தேனே தவிர தூளைச் சோதிக்காம விட்டது நான். குற்றப் பத்திரம் கொடுக்கதா இருந்தா ரெண்டு பேருக்கும் கொடுங்க" என்றார்கள். எனக்கு மட்டும்தான் கொடுத்தார். மேடம் தன்னுடைய தவறு இன்னது என்று ஒரு கடிதம் எழுதி, அதையும் கோப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கினார்கள். பம்பாய்க்கும் முழு விவரம் எழுதினார்கள். இனி சிப்பியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், உங்கள் கார்பனேட்டில் இன்னும் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்றும் கேட்டார்கள். அவர்கள் ஒரு பெரிய பாட்டிலே அனுப்பினார்கள்.

பிறகு மூன்று மாத வேலை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. மேடம் ஒரு பட்டியல் போட்டார்கள். சிப்பியில் இருக்கக்கூடிய ஒவ்வொன்றையும் பம்பாய்த் தூளில் தனித்தனியாகக் கலந்து சுட வேண்டும். ஸ்ட்ரான்சியம் கலந்தோம்; பொட்டு கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். மெக்னீசியம் ஒன்றும் செய்யவில்லை. மாங்கனீசு கலந்த தூள் வேறு நிறத்தில் ஒளிர்ந்தது. இரும்பு கலந்தால் இருந்த ஒளியும் செத்தது. பட்டியல் தீர்ந்துகொண்டே வந்தது. சோடியத்தை மேடம் முதலிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டிருந்தார்கள், என் வெள்ளி நைட்ரேட் சோதனையை நம்பி. சிப்பியைக் கரைத்துத் தீயில் காட்டிப் பார்த்தோம், சோடியத்தின் மஞ்சள் தெரிந்தது. ஆனால் தூத்துக்குடியில் வெறும் கம்பியைத் தீயில் காட்டினாலே மஞ்சள்தான், காற்றிலேயே உப்பு. அது சாட்சி ஆகாது.

ஒரு நாள் நான் கல்வத்தில் அரைத்துக்கொண்டிருந்தேன். செய்யது சார் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே கேட்டார்.

"வெள்ளி நைட்ரேட் விட்டியே, அது எதைக் காட்டும்?"

ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. உப்பை என்றேன்.

"உப்புல குளோரைடை மட்டும். சோடியத்தைக் காட்டாதுலா? சிப்பி கடல்ல வளருதப்பவே சோடியத்தை உள்ள வச்சுக் கட்டியிருந்தா, எத்தனை தடவை கழுவினாலும் போகாதே."

மேடத்திடம் ஓடினோம். மேடம் சற்று யோசித்துவிட்டு, சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினார்கள். கால்சியத்துக்கு மின்னேற்றம் இரண்டு. அதன் இடத்தில் போய் உட்காருகிற நியோடிமியத்துக்கு மூன்று. ஒன்று கூடிப்போகிறது. அதைச் சரிக்கட்ட, படிகம் வேறு எங்கேயோ ஒரு இடத்தைக் காலியாக விடும். அந்தக் காலியிடங்கள் ஒளியைத் தின்றுவிடும். பக்கத்திலேயே ஒரு சோடியம் போய் உட்கார்ந்தால்? அதற்கு ஒன்று. மூன்றும் ஒன்றும் நான்கு. இரண்டும் இரண்டும் நான்கு. கணக்குச் சரி, காலியிடம் தேவையில்லை. எழுதி முடித்துவிட்டுத் தன்னையே கேட்டுக்கொள்வது போல, இதை ஏன் நான் முதலிலேயே நினைக்கவில்லை என்றார்கள்.

பம்பாய்த் தூளில், நியோடிமியத்துக்குச் சமமாகச் சோடியம் கார்பனேட் கரைத்துச் சேர்த்தேன். ஆறவிடாமல் சூட்டோடு வெளியே எடுத்தோம், மெல்ல ஆறவிட்டதுதான் காரணம் என்று மறுபடி யாரும் சொல்லிவிடக் கூடாது என்று. இருட்டறையில் செய்யது சார் அளவுகோல் பக்கம், நான் விளக்குப் பக்கம், மேடம் கதவோரம். லாரி ஒன்று போய் முடியட்டும் என்று காத்திருந்தோம். விளக்கைப் போட்டேன். பொட்டு இருபதைத் தாண்டி, இருபத்தைந்தைத் தாண்டிப் போய் நின்றது. சோடியம் சேர்க்காத தூளை வைத்தோம், ஆறு. மறுபடி சேர்த்த தூள், அதே இடம். மேடம் கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். சற்று நேரம் கழித்து வந்து, சோடியத்தைப் பாதியாகவும் இரண்டு மடங்காகவும் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். சமமாகப் போட்டதுதான் நன்றாக இருந்தது. கூடினால் ஒளி குறைந்தது.

இதனால் நாங்கள் உலகப் புகழ் அடைந்துவிடவில்லை. வேறு படிகங்களில் இந்த உபாயம் வெளிநாட்டில் ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று நூலகத்தில் தேடியபோது தெரிந்தது. எங்கள் தூளில் அதைக் காட்டியது நாங்கள், அவ்வளவுதான். ஆனால் செய்யது சாரின் ஆய்வேடு பிழைத்தது, முன்னைவிடப் பலமாகவும் நின்றது. முதல் தொகுதித் தூள்கள் உதவியாளரால் தெரிவிக்காமல் மாற்றப்பட்ட சிப்பியால் ஆனவை என்று ஒரு வரி அதில் இருந்தது. அந்த வரியை எடுத்துவிடலாமே, ஸ்டெல்லாவுக்கு எதற்குக் கெட்ட பேர் என்று செய்யது சார் மேடத்திடம் கேட்டார். மேடம் என்னைப் பார்த்தார்கள். இருக்கட்டும் என்றேன்.

வாய்மொழித் தேர்வுக்குப் பம்பாயிலிருந்து கடிதம் எழுதிய அதே விஞ்ஞானி வந்தார். வயதானவர், தமிழ் தெரியாது. எல்லாம் முடிந்தபின் உலை அறையைப் பார்க்க வேண்டும் என்றார். கிண்ணம், கல்வம், உலை எல்லாம் பார்த்தார். பாட்டிலை உடைத்தது யார் என்று கேட்டிருப்பார் போல. மேடம் என்னைக் காட்டினார்கள். அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மேடம் தமிழில் சொன்னார்கள்: "அவங்க லேப்ல எத்தனை பாட்டில் இப்படி உடைஞ்சிருக்கோ, அவருக்குத் தெரியாதாம். தெரிஞ்சுக்கிட வழியும் இல்லையாம்."

செய்யது சார் பட்டம் வாங்கி, மூன்று வருஷம் கழித்துத் துபாய்க்கே போய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியரானார். நான் முப்பது வருஷத்துக்குமேல் அதே அறையில் வேலை பார்த்தேன். மேடம் ஓய்வு பெறுகிறவரை அவர்களோடுதான். சிப்பி விஷயத்தை ஒரு நாளும் அவர்கள் சொல்லிக்காட்டியதில்லை. அது முடிந்துபோன விஷயமா, மனதில் வைத்திருக்கிறார்களா என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாமலே இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், உலைக்கு வந்திருந்த குவார்ட்ஸ் குழாயைப் பொருத்தும்போது கை தவறிக் கீழே விழுந்து நொறுங்கியது. அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான், ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேடம் முதல் மாடியில் பி.எஸ்ஸி. வகுப்பில் இருந்தார்கள். வகுப்பு முடியட்டும் என்று காத்திருந்தால் மனது மாறிவிடுமோ என்று பயந்து நேரே படியேறிப் போனேன். அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றே சொன்னேன்.

"மேடம், குவார்ட்ஸ் குழாய் உடைஞ்சிட்டு. நாந்தான் கீழ போட்டேன்."

வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. மேடமும் திரும்பினார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பில்லாத காலைப் பார்த்தார்கள்.

"கண்ணாடி குத்திருச்சா?"

"இல்ல மேடம்."

"சரி" என்று சொல்லிவிட்டு, சுண்ணக்கட்டியை எடுத்து விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார்கள்.